உலாவி மடிக்கணினி: நெசவுக் குடும்பத்திற்கு அது போதுமா?

ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த தேசூர் போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் தன் முதல் மடிக்கணினியை வாங்க முற்படும்போது, விலைப் பட்டியலின் கீழ்வரிசையில் நிற்கும் குரோம்புக் இன்று தவறாமல் கண்ணில் படுகிறது. எடை குறைவு, பேட்டரி நெடுநேரம் தாங்குகிறது, விலையும் ஒரு நடுத்தரச் செல்பேசியின் விலைக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் அதன்பால் ஈர்ப்பு உண்டாவது இயல்பே. அதைக் கணினி என்றே ஏற்காமல் ஒதுக்குவோரும் உண்டு. எந்த வேலைக்கும் இது போதும் என்று சொல்லி விற்போரும் உண்டு. இரு சாராரும் கருவியைப் பார்த்தே பேசுகின்றனர்; பார்க்க வேண்டியது வீட்டு வேலைகளை. ஒரு மாதத்தில் கணினியை நாடி வரும் வேலைகள் எவை, அவற்றுள் எவை உலாவிக்குள்ளேயே முடிகின்றன, எவை முடியாமல் விண்டோஸைக் கேட்டு நிற்கின்றன என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இந்தக் கருவியைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்வதற்கில்லை.

உலாவி (பிரவுசர்) என்பது இணையத் தளங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். கணினியின் வன்பொருளை இயக்கி மற்ற மென்பொருள்களுக்கு இடம் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) எனப்படும். விண்டோஸ் அதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. உலாவியையே மையமாக வைத்துக் கட்டிய குரோம் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை கூகுள் நிறுவனம் 2009-இல் அறிவித்தது; அதில் இயங்கும் குரோம்புக் மடிக்கணினிகளை சாம்சங், ஏசர் ஆகிய நிறுவனங்கள் 2011 ஜூன் மாதத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. இந்தியச் சந்தைக்கு இவை 2013-இல் வந்தன. 2023 அக்டோபரில் எச்பி நிறுவனமும் கூகுளும் இணைந்து சென்னைக்கு அருகிலுள்ள பிளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் குரோம்புக் தயாரிக்கத் தொடங்கியதாக அறிவித்தபோது, தொடக்க விலை 15,990 ரூபாய் என்று சொல்லப்பட்டது. மாணவர்களை முதன்மையாகக் கருதிச் செய்யப்பட்ட இந்தக் கருவி தமிழ்நாட்டு ஆலையிலிருந்தே வரத் தொடங்கியபின், சிற்றூர்க் குடும்பங்களின் பேச்சிலும் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை.

இக்கருவியின் சிறப்பு அதன் எளிமையில் இருக்கிறது. இயக்கிய சில நொடிகளில் திரை எழுகிறது; ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இயங்குதளத்தின் கோப்புகளை வேறு யாரேனும் மாற்றியிருக்கிறார்களா என்பதைக் கருவி தானே சரிபார்த்துக்கொள்கிறது; விண்டோஸ் கணினிகளில் பென் டிரைவ் வழியே பரவும் நச்சுநிரல்கள் இதில் இயங்குவதில்லை. குடும்பத்தில் மூவர் பயன்படுத்தினால் மூவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் கோப்பு மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் வேறொரு கருவியில் அதே கணக்கைத் திறந்தால், கூகுள் டிரைவ் என்னும் இணையச் சேமிப்பில் வைத்த கோப்புகள் அப்படியே கிடைக்கின்றன. கட்டணமின்றிக் கிடைக்கும் அந்தச் சேமிப்பு 15 ஜிபி மட்டுமே என்பதையும், மின்னஞ்சல், படங்கள் ஆகியவையும் அதே 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும் என்பதையும் சேலைப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்துக் குவிக்கும் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். கணக்கின் கடவுச்சொல்லை மீட்பதற்குக் கொடுக்கும் செல்பேசி எண் ரீசார்ஜ் செய்யப்படாமல் காலாவதியாகிவிட்டால், சேமித்தவை அனைத்திற்கும் வழி அடைபடும் ஆபத்தும் உண்டு.

படிக்கும் பிள்ளைகளின் தேவையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக் கட்டுரை எழுதுதல், தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் தளத்தில் பாடங்களைப் பார்த்தல், பொறியியல் கலந்தாய்விற்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கும் விண்ணப்பித்தல், விண்ணப்பத்தில் கேட்கும் அளவுக்கு ஒளிப்படத்தையும் கையொப்பத்தையும் சுருக்கிப் பதிவேற்றுதல் ஆகிய அனைத்தும் உலாவியிலேயே முடியும் வேலைகள். செல்பேசியின் சிறு திரையில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பிழையோடு அனுப்பிவிட்டுத் திருத்தத்திற்கு அலைவதைக் காட்டிலும், முழு அளவு விசைப்பலகையும் அகன்ற திரையும் உடைய இந்தக் கருவி பன்மடங்கு மேலானது. மேல்நிலை வகுப்புகளில் நிலைமை பாடத்திற்குப் பாடம் மாறுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் வரும் பைத்தான் நிரல்மொழியை உலாவியிலேயே எழுதி இயக்கிப் பார்க்கலாம். ஆனால் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வரும் பேஜ்மேக்கரும், கணக்குப்பதிவியல் பாடத்தில் வரும் டேலியும் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள். அவற்றைப் பள்ளியின் ஆய்வகத்தில் மட்டும் பழகினால் போதுமா, வீட்டிலும் பழக வேண்டுமா என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்தபின் முடிவெடுப்பதே முறை.

தொழில் பக்கம் வந்தால், நெசவாளருக்கும் அவருக்குப் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலை வாங்கும் பட்டு முதலாளிக்கும் தேவைகள் ஒன்றல்ல. கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் கணக்கு என்பது பாவு வந்த நாள், ஒரு பாவில் இறங்கிய சேலைகள், வாங்கிய ஜரிகை, பெற்ற முன்பணம், கழிந்த கூலி ஆகியவற்றோடு முடிந்துவிடும். இதைக் கூகுள் ஷீட்ஸ் என்னும் அட்டவணை மென்பொருளில் எழுதி வைத்தால், தறியில் அமர்ந்திருப்பவர் தம் செல்பேசியிலும் அதே கணக்கைத் திறந்து பார்க்கலாம். நோட்டில் எழுதிய முன்பணக் கணக்கில் எழும் மனக்கசப்புகளை எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு பயனே கருவியின் விலைக்கு ஈடாகும் என்று சொல்லலாம். வாட்ஸ்ஆப்பை உலாவியில் திறந்து வாடிக்கையாளருக்குச் சேலைப் படங்களை அனுப்புவதும், இணைய அங்காடிகளின் விற்பனையாளர் பக்கத்தில் சரக்கைப் பட்டியலிடுவதும் இதில் தடையின்றி நடக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு விற்பனையாளர்கள் தம் மாநிலத்திற்குள் இணைய அங்காடி வழியே சரக்கு விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்திருப்பதால், நேரடி விற்பனையில் இறங்க விரும்பும் நெசவுக் குடும்பத்திற்கு இப்பயன் பெரிது. யூபிஐ செயலிகள் மட்டும் சிம் அட்டை உள்ள கருவியைக் கேட்பவை ஆதலால், பணப் பரிமாற்றம் செல்பேசியிலேயே தொடரும்.

பட்டு முதலாளியின் நிலை வேறு. ஜிஎஸ்டி தளமும், இ-வே பில் எனப்படும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டுக்கான தளமும் உலாவியிலேயே இயங்குபவைதான். தனி உரிமையாளரும் கூட்டாளிகளும் செல்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டே கணக்கைத் தாக்கல் செய்யலாம். பதிவு பெற்ற கம்பெனியோ, எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையோ என்றால், யூஎஸ்பி டோக்கனில் வரும் மின்னணுக் கையொப்பம் கட்டாயமாகிறது. அந்த டோக்கனுக்குரிய மென்பொருள் குரோம்புக்கில் நிறுவக்கூடியதன்று. பட்டியல் நீளும்போது கணக்காளர்கள் பயன்படுத்தும் ஜிஎஸ்டி ஆஃப்லைன் கருவியும் விண்டோஸுக்கு உரியது. டேலியில் கணக்கு வைத்திருப்பவர் மாதக் கட்டணம் செலுத்தித் தொலைவிலுள்ள விண்டோஸ் கணினியில் டேலியை இயக்கி, அதை உலாவியில் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். ஆனால் குறைந்த விலை என்பதற்காகவே ஒரு கருவியை வாங்கி, பிறகு அதன் குறையை ஈடுகட்ட மாதந்தோறும் பணம் கட்டுவது கணக்கு தெரிந்த வணிகர் செய்யும் காரியமன்று.

வடிவமைப்பு வேலையில் இந்தக் கருவியின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் வரும் உருவங்களை ஜக்கார்டு பெட்டி நெய்கிறது. துளையிட்ட அட்டைகள் கோத்து மேலே சுழல, எந்த அட்டையில் எந்த இடத்தில் துளை இருக்கிறதோ அதற்கேற்பக் கொக்கிகள் உயர்ந்து பாவு இழைகளைத் தூக்குகின்றன. ஆகவே டிசைன் என்பது கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமும் நிரம்பியதா, வெறுமையா என்று தீர்மானிக்கப்படும் படம். அதன் அகலம் கொக்கிகளின் எண்ணிக்கையோடு ஒரு கட்டமும் பிசகாமல் பொருந்த வேண்டும். உலாவியில் இயங்கும் போட்டோபியா போன்ற பட மென்பொருளில் பென்சில் கருவியைக் கொண்டு கட்டம் கட்டமாக வரைய இயலும். அதே மென்பொருளில் தூரிகையை எடுத்து வரைந்தால், கோட்டின் ஓரம் கண்ணுக்கு மென்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மென்பொருள் தானாகவே இடைப்பட்ட நிறப் புள்ளிகளைச் சேர்த்துவிடுகிறது. துளை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளை அறிந்த அட்டைக்கு அந்த இடைநிறப் புள்ளிகள் பொருளற்றவை; அவை மயிலின் கழுத்தோரத்தையோ மாங்காயின் நுனியையோ பிசிறாக்கிவிடும். புட்டா என்னும் சிறு உருவம் ஒன்றை வரைந்து பார்த்தல், பழைய டிசைனின் படத்தைச் சேமித்து வைத்தல் ஆகிய அளவில் குரோம்புக் உதவும். நெசவு டிசைனுக்கென எழுதப்பட்டு, அட்டை துளைக்கும் இயந்திரத்திற்கோ மின்னணு ஜக்கார்டிற்கோ நேரே கோப்பை அனுப்பும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே உரியவை. டிசைன் போடுவதைத் தொழிலாகக் கொண்டவர் இக்கருவியை வாங்குதல் கூடாது.

சேலையின் நிறம் பற்றி வாங்குவோர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்த பட்டு, மடிப்பு திரும்பும்போது இரு நிறங்களையும் மாறிமாறிக் காட்டும். மயில் கழுத்து நிறம் என்று சொல்லப்படும் சேலையில் பச்சையும் நீலமும் இவ்வாறே விளையாடுகின்றன. விலை மலிந்த குரோம்புக்குகள் சிலவற்றில் உள்ள டிஎன் வகைத் திரை, நேரே பார்க்கையில் ஒரு நிறத்தையும் சற்றுச் சாய்த்துப் பார்க்கையில் வேறு நிறத்தையும் காட்டும் இயல்புடையது. பட்டு தன் இயல்பால் மாற்றும் நிறமும், திரை தன் குறையால் மாற்றும் நிறமும் கலந்துவிட்டால், எது சேலையின் நிறம் என்பதே தெரியாமல் போகும். அத்தகைய திரையைப் பார்த்துப் படத்தின் நிறத்தைத் திருத்தி அனுப்பினால், அரக்கு என்று நம்பி வாங்கியவர் கைக்கு மெரூன் போய்ச் சேர்ந்து, சேலை திரும்பி வரும். ஒரு பட்டுச் சேலை திரும்பி வருவதால் வீணாகும் அலைச்சலும் அஞ்சல் செலவும் கொஞ்சமல்ல. ஆகவே சேலை விற்பனைக்கு வாங்குவோர் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையும் 1920-க்கு 1080 புள்ளித் தெளிவும் உடைய மாதிரியையே தேர வேண்டும். திரையின் வகை விளம்பரத்தில் சொல்லப்படாவிட்டால், கடையில் ஒரு சேலைப் படத்தைத் திறந்து, திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இணைய இணைப்பைப் பொறுத்தவரை, குரோம்புக் இணையம் இல்லாவிட்டால் வெறும் தகடு என்ற கருத்து பழையது. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஆகியவற்றில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால், இணைப்பு அறுந்தாலும் எழுதுவதைத் தொடரலாம். இணைப்பு மீளும்போது மாற்றங்கள் தாமே மேலேறிக்கொள்கின்றன. ஆயினும் விண்ணப்பம், வரி, விற்பனை ஆகிய முக்கிய வேலைகள் அனைத்தும் இணையத்தைச் சார்ந்தவையே. செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில், ஒரு மணி நேரக் காணொலி வகுப்பே ஒரு ஜிபியை விழுங்கக்கூடும் என்பதால், நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்ற திட்டம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். கருவி வாங்கும் செலவோடு இணைப்பின் மாதச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தமிழ்த் தட்டச்சில் குறையில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அமைப்பும், தட்டச்சுப் பொறி அமைப்பும், ஒலிப்பு முறையும் இயங்குதளத்திலேயே உள்ளன. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிக்கல் பழைய கோப்புகளில் எழுகிறது. யூனிகோடு என்பது உலகின் எல்லா எழுத்துகளுக்கும் பொதுவான எண்கள் கொடுத்த குறியீட்டு முறை; அது பரவுவதற்கு முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்துச் சேமித்த சங்கக் கடிதமோ கோயில் வரவுசெலவுக் கணக்கோ கூகுள் டாக்ஸில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவிகள் இருப்பதால், தனிமனிதருக்கு இது கடக்கக்கூடிய இடர்தான். அழைப்பிதழ் அச்சடிக்கும் டிடிபி கடைக்கு அன்று.

அச்சுப்பொறியை வாங்கும் முன்பே சோதித்துவிட வேண்டும். வைஃபை உள்ள புதிய அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இணைந்துவிடுகின்றன. சிறு அலுவலகங்களில் பல்லாண்டுகளாக உழைத்துவரும் கேனன் எல்பிபி 2900 போன்றவை தமக்கென எழுதிய விண்டோஸ் இயக்கி மென்பொருளை எதிர்பார்ப்பவை ஆதலால் குரோம்புக்கோடு சேர்ந்து இயங்குவதில்லை. இ-சேவை மையமோ வங்கி வாடிக்கையாளர் சேவை மையமோ தொடங்கும் எண்ணம் இருந்தால், கைரேகைக் கருவிகளுக்குரிய மென்பொருள் இதில் ஓடாது என்பதால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

வாங்குவது என்று முடிவானபின் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது, தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் நாள். பாதுகாப்புத் திருத்தங்களைக் கூகுள் எதுவரை அனுப்பும் என்பதற்கு ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளது. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டுகள் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்தப் பத்து ஆண்டு, கடையில் பணம் கட்டிய நாளிலிருந்து அல்லாமல் அந்த மாதிரியின் அடித்தளம் வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. தள்ளுபடியில் வரும் பழைய மாதிரியில் பாதிக் காலம் முன்பே கழிந்திருக்கக்கூடும். கருவியின் அமைப்புகள் பகுதியில் குரோம் ஓஎஸ் பற்றிய பக்கத்தைத் திறந்து, கூடுதல் விவரங்கள் என்பதைத் தொட்டால் இந்த நாள் தெரியும். விற்பவர் முன்னிலையிலேயே அதைப் பார்த்துவிடுவது வாங்குவோரின் உரிமை. அடுத்தது தற்காலிக நினைவகம் எனப்படும் ரேம். இக்கருவிகளில் அது பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட முடியாது. 4 ஜிபி உள்ள கருவியில் பல தாவல்களைத் திறந்து வைத்தால், இடம் போதாமல் முன்னே திறந்த தாவலைக் கருவி மூடி வைத்து, திரும்பச் செல்லும்போது மீண்டும் ஏற்றுகிறது; ஜிஎஸ்டி விவரங்களைத் தாக்கல் செய்யும் 11ஆம் தேதி நெருக்கடியில் பாதி நிரப்பிய படிவம் இவ்வாறு வெறுமையானால் உழைப்பு வீணாகும். தொழிலுக்கும் சேர்த்து வாங்குவோர்க்கு 8 ஜிபி வேண்டும். கூகுள் 2023-இல் அறிமுகப்படுத்திய குரோம்புக் பிளஸ் வகையில் 8 ஜிபி ரேமும், 128 ஜிபி சேமிப்பும், ஐபிஎஸ் திரையும் கட்டாயத் தகுதிகள். அதன் விலை ஒரு சாதாரண விண்டோஸ் மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடுவதால், அந்த இடத்தில் ஒப்பீடு மீண்டும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பணம் செலவழிக்காமலே இந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாங்கும் எண்ணம் உள்ள எவரும் இதைத் தவறவிடக் கூடாது. 2022 முதல் கூகுள் கட்டணமின்றி வழங்கும் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ் என்ற இயங்குதளத்தை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, பழைய விண்டோஸ் மடிக்கணினியை அதிலிருந்து இயக்கினால், உள்ளே இருக்கும் விண்டோஸையோ கோப்புகளையோ தொடாமல் குரோம்புக்கின் பழக்கத்தை அறிந்துகொள்ளலாம். நிறுவு என்ற கட்டளையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் உள்ளிருப்பவை முழுவதும் அழிந்துவிடும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் பரணில் கிடக்கின்றன. பிளெக்ஸ் குறைந்தது 4 ஜிபி ரேமையும் 64 பிட் செயலியையும் கேட்கிறது; திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கியவை 2 ஜிபி ரேம் கொண்டவை என்பதால் அவை அப்படியே தேறமாட்டா, பிற்பாடு வந்தவற்றின் ரேம் அளவைப் பார்த்து முயலலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டமையால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத கருவிகளுக்குப் பிளெக்ஸ் ஒரு மறுவாழ்வும் ஆகும். ஆண்ட்ராய்டு செயலிகள் மட்டும் பிளெக்ஸில் கிடைக்காது. உண்மையான குரோம்புக்கில் அவை உண்டு.

இவ்வாறு ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து, உலாவிக்குள் முடியாமல் வேறு கணினியைத் தேடிப் போக நேர்ந்த வேலைகளை ஒரு தாளில் குறித்து வைத்தால், அந்தத் தாளே முடிவைச் சொல்லிவிடும். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் நேரும் வேலையை வந்தவாசியிலோ ஆரணியிலோ உள்ள கணினி மையத்தில் முடித்துக்கொள்ளலாம். வாரந்தோறும் நேரும் வேலை ஒன்று இருந்தாலும் விண்டோஸ் மடிக்கணினியையே வாங்க வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் உள்ள, கூலிக்கு நெய்தும் வாட்ஸ்ஆப் வழியே ஓரளவு சேலை விற்றும் வாழும் தேசூர்க் குடும்பத்திற்கு, ஐபிஎஸ் திரையும் குறைந்தது ஆறேழு ஆண்டுப் புதுப்பிப்புக் காலமும் எஞ்சியுள்ள குரோம்புக் தகுந்த கருவி. டேலியில் கணக்கு வைக்கும் பட்டு முதலாளிக்கும், டிசைன் போடுபவருக்கும், டிடிபி கடைக்கும், இ-சேவை மையத்திற்கும் அது தகுந்ததன்று.